நடு மைதானத்தில் குந்தியவர்

டார்பி: ...இல்ல மாமா, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். நடு மைதானத்துல அப்படிக் குந்தினீங்களே, எதிர்ல யாரு இருக்கான்னு நினைச்சீங்க?

லீலண்ட்: சூப்பைக் குடி.

டார்பி: குடிச்சுக்கிட்டேதான் கேக்குறேன்.

லீலண்ட்: நேத்து சாயந்திரத்துலேர்ந்து ஊரே கேட்டாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி. காலையில பெட்ரோல் போடப் போனா, அங்க வேலை பாக்குற நம்ம டீம் பையன் ட்ரே என்ன பண்ணான் தெரியுமா? என் வண்டியைப் பாத்ததும் பம்பு பக்கத்துலயே குந்திட்டான். ரெண்டு கையையும் தரையில ஊனிக்கிட்டு. பெட்ரோலைப் போடுடான்னா, விசில் ஊதட்டும்ங்கிறான்.

டார்பி: விசில் ஊதட்டும்னானா... ஐயோ.

லீலண்ட்: சிரி, சிரி. என் மேஜையில உக்காந்து என் சூப்பைக் குடிச்சுக்கிட்டு...

டார்பி: மேஜை ரோவீனா அக்காவோடது. வீடும் அக்காவோடது. வீடு பொம்பளைங்களுக்குத்தான்ங்கிற நம்ம முறைப்படி இந்த வீட்ல உங்களுக்குன்னு இருக்கிறது ஒரு ஜோடி பூட்ஸும் பந்து பிடிக்கிற அந்த வலைக் குச்சியும்தான் மாமா.

லீலண்ட்: அதையும் ஒருநாள் தூக்கி வாசல்ல வெச்சா, நான் நடையைக் கட்ட வேண்டியதுதான். தெரியும்டா.

டார்பி: அக்கா வைக்க மாட்டா. உங்களை விட்டா அவளுக்குக் கிண்டல் பண்ண வேற யாரு இருக்கா? ...அந்த வீடியோ பாத்தீங்களா?

லீலண்ட்: பாக்காம? உன் சித்தப்பன் ரெண்டு தடவை அனுப்பியிருக்கான்.

டார்பி: பாட்டு வேற சேர்த்து விட்டிருக்காங்க. எல்லாரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுறாங்க, நடுவுல நீங்க மட்டும் தவளை மாதிரி...

லீலண்ட்: பழக்கம்டா அது. நான் என்ன உங்களை மாதிரியா? பத்து பேர் ஆட்டத்துல என் வேலை என்ன, சொல்லு. எவனாவது கோல் போட்டானா, உடனே நடுவுக்குப் போகணும். குந்தணும். எதிராளி எதிர்ல குந்துவான். ரெண்டு குச்சிக்கும் நடுவுல பந்து. விசில் ஊதினதும் பிடுங்கணும். ஒவ்வொரு கோலுக்கும் இதேதான். கோல்னு சத்தம் கேட்டாலே காலு தன்னால நடுவுக்குப் போகுது, நான் என்ன பண்ண?

டார்பி: ஆனா நேத்து ஆடினது ஆறு பேர் ஆட்டம்.

லீலண்ட்: தெரியும்.

டார்பி: இதுல கோல் விழுந்தா நடுப்பந்தே கிடையாது. என்னை மாதிரி கீப்பர் வலைக்குள்ளேர்ந்து பந்தை எடுக்கிறான், வீசுறான், ஆட்டம் ஓடிக்கிட்டே...

லீலண்ட்: தெரியும்டா. நீ மட்டும் ஒழுங்கா வீசினியாக்கும்? பந்தைக் கையில வெச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னே. நேரமாயிடுச்சுன்னு நடுவர் பந்தை அவங்க கையில குடுத்துட்டாரு. கோச்சு வெஸ் உன்னைத்தானே முதல்ல திட்டினாரு.

டார்பி: சிரிப்பு வந்துடுச்சு மாமா. சிரிச்சுக்கிட்டே எப்படி வீசுறது?

லீலண்ட்: கோச்சு கத்துறாரு, இவனுக்குச் சிரிப்பு வருதாம்.

டார்பி: விடுங்க. அந்த ரொட்டியை இப்படித் தள்ளுங்க... வெண்ணெய் இல்லையா?

லீலண்ட்: நீ வந்தா இந்த வீட்ல எது மிஞ்சும்?

டார்பி: உங்களுக்கு இந்த ஆட்டமே புடிக்கலைல்ல?

லீலண்ட்: இது ஆட்டமாடா? மைதானத்தைப் பாதியா மடிச்சுட்டாங்க. ஆட்டத்தை நாலாப் பிரிச்சு, கால்பகுதிக்கு எட்டே நிமிஷம். பந்து கையில வந்தா முப்பது செகண்டுக்குள்ள அடிச்சாகணும், இல்லைன்னா பிடுங்கி அடுத்தவனுக்குக் குடுத்துடுவான். நீளக் குச்சி வெச்சுத் தடுக்கிறவனுக்கு வேலை இல்ல, எல்லாருக்கும் குட்டைக் குச்சி. எனக்கு வேலை இல்ல. நம்ம முப்பாட்டன் காலத்துல இந்த ஆட்டத்துக்குக் கடிகாரமே கிடையாது. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கோ அதான் மைதானம். எத்தனை பேரு வந்தாங்களோ அத்தனை பேரும் ஆடுவாங்க. இப்போ பாரு, ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள ரெண்டு கோல் விழுந்துடுது.

டார்பி: அந்தக் காலத்துல ஒரு கோலுக்குக் காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் ஓடுவாங்க. நீங்க நடுவுல குந்தினா பகல் சாப்பாடே அங்க கொண்டு வந்து குடுப்பாங்க.

லீலண்ட்: போடா.

டார்பி: எங்களுக்கு இதெல்லாம் புதுசே இல்ல மாமா. எங்க ஊர் ஓஸ்வீகன்ல பொறந்தவன் நடக்கிறதுக்கு முன்னாடியே அரங்கத்துக்குள்ள பெட்டி ஆட்டம் ஆடுறான். அந்தப் பெட்டியோட சுவரை எடுத்துட்டுப் புல்லைப் போட்டு, இதுக்கு ஆறு பேர் ஆட்டம்னு பேரு வெச்சிருக்காங்க. ஒனொண்டாகாவிலேர்ந்து வந்த உங்களுக்குத்தான் திண்டாட்டம்.

லீலண்ட்: எங்க ஊர்ல புல்லு இருந்துச்சு. தூரம் இருந்துச்சு. உங்களை மாதிரி பெட்டிக்குள்ள எலி மாதிரி சுத்திக்கிட்டு...

டார்பி: அந்த எலிங்க நேத்து எத்தனை கோல் போட்டுச்சு, நீங்க எத்தனை? சரி சரி, எனக்கும் கஷ்டம்தான். பெட்டியில என் வலை சின்னது, உடம்பு பூராவும் மெத்தை. இங்க ஆறடி உயரம் ஆறடி அகலம், மேல ஒரு சட்டை. இந்தத் தொடையைப் பாருங்க... பந்துல இருக்கிற எழுத்தே பதிஞ்சிருக்கு.

லீலண்ட்: சாப்பிடுற இடத்துல கால்சட்டையைத் தூக்காதடா.

ரோவீனா: யாரு கால்சட்டையைத் தூக்குறது?

டார்பி: வா அக்கா. காயத்தைக் காட்டிக்கிட்டு இருந்தேன்.

ரோவீனா: ரெண்டு பேரும் இன்னும் அதையேதான் பேசுறீங்களா? ...இந்தாய்யா லீலண்ட், ஃப்ரீசர்ல ஐஸைக் காணோம். முந்தாநாள்தான் ஒரு பை வாங்கிப் போட்டேன். எங்க போகுது?

லீலண்ட்: எனக்கென்ன...

டார்பி: நான்தான் அக்கா எடுத்தேன். தொடைக்கு.

ரோவீனா: பை முழுக்கவா? அது தொடையா, மாட்டுக் காலா?

டார்பி: உன் தம்பி தொடை அக்கா.

ரோவீனா: வாய் மட்டும் வக்கணையா இருக்கு. ...வெஸ் கூப்பிட்டாரா?

லீலண்ட்: இன்னும் இல்ல.

ரோவீனா: இன்னைக்குச் சொல்றேன்னாரே?

லீலண்ட்: சொல்வாரு. உலகப் போட்டிக்குப் பன்னிரண்டு பேரைத்தான் கூட்டிட்டுப் போக முடியும். ரெண்டு கீப்பர் போனா பத்து. அந்தப் பத்துல ஒம்பது பேரை நேத்தே சொல்லிட்டாரு.

ரோவீனா: அப்போ ஒரு இடம்.

லீலண்ட்: ஒரு இடம். நானு, இல்லைன்னா ட்ரே.

டார்பி: அதான் பெட்ரோல் பம்புல அவன் அவ்வளவு சந்தோஷமா குந்தியிருக்கான்.

ரோவீனா: டேய், நீ சும்மா இரு. ...எடுத்தா நல்லது. எடுக்கலைன்னா போன தடவை மாதிரி ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காதீங்க. மனசுல எதையாவது வெச்சுக்கிட்டுக் குச்சியைத் தொடக்கூடாது. இது படைச்சவன் குடுத்த ஆட்டம், மத்த ஆட்டம் மாதிரி இல்ல.

லீலண்ட்: எனக்கு நீ சொல்லணுமா?

ரோவீனா: யாராவது சொல்லணும்ல. நான் ஊர்ச் சடங்கு நடக்குற நீள வீட்டுக்குப் போறேன். நாளைக்கு விருந்து இருக்கு, சோளத்தைச் சாம்பல் தண்ணியில வேக வெச்சாச்சு, தோல் போகக் கழுவணும். டார்பி, பானையைக் காலி பண்ணிடாத. அவருக்கும் வை.

டார்பி: வைக்கிறேன் அக்கா.

லீலண்ட்: ...போயிட்டாளா?

டார்பி: வண்டி கிளம்புது.

லீலண்ட்: நீ எப்போடா ஐஸ் எடுத்தே?

டார்பி: எடுத்திருப்பேன்.

லீலண்ட்: நேத்து நீ இங்க வரவே இல்லையே.

டார்பி: அக்காகிட்ட ஏதாவது சொல்லணும்ல மாமா. பதில் வரலைன்னா அவ விடுவாளா? ...இன்னும் கொஞ்சம் ஊத்திக்கட்டுமா?

லீலண்ட்: ஊத்திக்க. பன்னி இறைச்சி அடியில கிடக்கு, கிண்டி எடு.

டார்பி: ...போன தடவை என்ன ஆச்சு மாமா? அக்கா சொல்றாளே.

லீலண்ட்: அதை ஏன் கேக்குற? பத்து பேர் ஆட்டத்துக்கு ஆள் எடுத்தாங்க. இருபத்து மூணு பேரு. நான் இருபத்து நாலு. யாருக்காவது அடிபட்டா கூப்பிடுவோம், பையைக் கட்டி வெச்சுக்கோன்னாங்க. கட்டி வெச்சேன். பூட்ஸ் போட்டுக்கிட்டே தூங்கினேன்னு உங்க அக்கா இன்னும் சொல்லிக் காட்டுவா. ஒருத்தனுக்கும் அடிபடல.

டார்பி: அடிபடணும்னு நினைச்சீங்களா?

லீலண்ட்: ...நினைக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அதுவும் அதே மாதிரிதான்.

டார்பி: ம்.

லீலண்ட்: எனக்கு நம்ம அணியோட அந்த ஊதாச் சட்டை வேணும் மாப்ளே. வெளிய சொன்னா வெக்கமா இருக்கு. முப்பத்தி நாலு வயசாச்சு. நம்ம கொடியைப் பிடிச்சுக்கிட்டு, நம்ம பூர்வகுடிப் பேரைச் சொல்லி, வேற எந்த நாட்டுக்கும் கீழ இல்லாம தனி நாடா நடந்து போறாங்க பாரு... அந்த வரிசையில ஒரு தடவை நடந்துட்டா போதும். அதுக்கப்புறம் குச்சியைச் சுவத்துல மாட்டிடுவேன்.

டார்பி: பத்து பேர் ஆட்டத்துக்கு அடுத்து எப்போ ஆள் எடுப்பாங்க?

லீலண்ட்: அதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சுடும். இப்போ எல்லா நாடும் இந்த ஆறு பேர் ஆட்டத்துக்குத்தான் வருது. ஆள் கம்மி, செலவு கம்மி, டிவியில சட்டுனு முடிஞ்சுடுது. இதுல போகலைன்னா எதுலயும் போக முடியாது. அதான் எலிப் பெட்டியானாலும் பரவாயில்லைன்னு வந்தேன்.

டார்பி: இப்போ ஒத்துக்கிட்டீங்க பாருங்க.

லீலண்ட்: ஒத்துக்காம? நல்லாவும் இருக்கு, அதான் கடுப்பு. எவனும் சும்மா நிக்கிறதில்ல. தடுக்கிறவனே அடிக்கப் போறான், அடிச்சவனே திரும்ப ஓடி வந்து தடுக்கிறான். மூச்சு விட நேரமில்ல. பத்து பேர் ஆட்டத்துல நான் பந்தைப் பிடுங்கி, பக்கத்துல இருக்கிறவனுக்குக் குடுத்துட்டு, பெஞ்சுக்கு ஓடிடுவேன். அடுத்த கோல் விழுற வரைக்கும் தண்ணி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம்.

டார்பி: சொகுசு வேலை.

லீலண்ட்: சொகுசுதான்.

டார்பி: இதுல அப்படி ஒரு ஆளை வெச்சுக்க முடியாது.

லீலண்ட்: முடியாது. இருக்கிறதே பன்னிரண்டு பேரு.

டார்பி: ...சரி, வெஸ் உங்களைத்தான் எடுத்துட்டாருன்னு வெச்சுக்குவோம். இங்க பாருங்க. இந்த உப்பு டப்பா நானு. இந்தக் கிண்ணம் வலை.

லீலண்ட்: சூப்போட சேர்த்தே வலையா?

டார்பி: கேளுங்க. கோல் வாங்கிட்டேன். அவங்க சந்தோஷத்துல ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த நேரத்துலதான் நாம அடிக்கணும். நான் குனியுறேன், பந்தை எடுக்கிறேன், நிமிர்றதுக்குள்ள வீசிடுறேன். நீங்க இந்த ரொட்டித் தட்டுகிட்ட இருக்கீங்க. பாதி மைதானம் தாண்டி, வலது ஓரம்.

லீலண்ட்: அவ்வளவு தூரமா?

டார்பி: சின்ன மைதானம்தானே மாமா, நீங்கதான் சொன்னீங்க. கோல் விழுந்த சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பிச்சா வந்துடலாம்.

லீலண்ட்: நான் வந்துட்டேனான்னு பாத்துட்டு வீசுவேல்ல?

டார்பி: பாக்க மாட்டேன். பாத்தா அந்த நேரத்துல அவங்க திரும்பிடுவாங்க. நீங்க அங்க இருப்பீங்கன்னு வீசிடுவேன்.

லீலண்ட்: பாத்துட்டு வீசுடா.

டார்பி: அதான் சொல்றேனே, பாத்தா லேட்டு.

லீலண்ட்: கடைசிக் கால்பகுதின்னா?

டார்பி: கடைசிக் கால்பகுதியிலதான் இது வேலை செய்யும். எல்லாரும் களைச்சுப் போயிருப்பாங்க. ஒரு கோல் பின்னால இருக்கோம்னு வைங்க, கையில கொஞ்ச நேரம்தான் இருக்கு, நான் உங்களை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு வீசுறேன்...

லீலண்ட்: மாப்ளே.

டார்பி: பந்து இந்தத் தட்டு மேல வந்து...

லீலண்ட்: டார்பி. நான் அங்க இருக்க மாட்டேன். ட்ரேவுக்கு வீசு. அவன் இருப்பான்.

டார்பி: ஏன் மாமா?

லீலண்ட்: நேத்து நான் குந்தலைடா. விழுந்தேன். நீ பந்தை எடுக்கக் குனிஞ்சே, நான் ஓடினேன், நாலு எட்டு வெச்சதும் வலது முட்டி மடிஞ்சு போச்சு. கால் இருக்கிறதே தெரியல. எந்திரிக்கப் பாத்தேன், முடியல. எல்லாரும் திரும்புறாங்க. வெஸ் பாக்குறாரு. எனக்கு வேற என்ன தோணும்? குச்சியைத் தரையில வெச்சேன், கையை ஊனினேன். நடுப்பந்துக்கு உக்காந்த மாதிரி ஆயிடுச்சு. சிரிச்சாங்க. சிரிக்கிறவன் காலைப் பாக்க மாட்டான்ல.

டார்பி: எத்தனை நாளா?

லீலண்ட்: ரெண்டு வருஷம் ஆகுது. பத்து பேர் ஆட்டத்துல தெரியல. குந்தினா வலிக்காது, ஓடினாத்தான். பெஞ்சு வரைக்கும் போறதெல்லாம் ஓட்டமா? கிண்டல் பண்ணுங்கடா, நல்லா பண்ணுங்கன்னு விட்டுட்டேன். ட்ரே பம்புகிட்ட குந்தினப்போ கூட எனக்குச் சந்தோஷம்தான், ஒருத்தனுக்கும் சந்தேகம் வரலைன்னு.

டார்பி: அக்காவுக்குத் தெரியுமா?

லீலண்ட்: ஐஸ் எங்க போகுதுன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கா.

டார்பி: ம்.

லீலண்ட்: எப்படியாவது ஓட்டிடலாம்னு நினைச்சேன். கட்டு போட்டு, மாத்திரை போட்டு. ஆனா நீ பாக்காம வீசுவேங்கிறே... வெறும் புல்லுல போய் விழும் அது. ஒரு ஊரே டிவி முன்னாடி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும். அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நான் அப்படிப் பண்ண முடியாது. போனைக் குடு, வெஸ்கிட்ட நானே சொல்லிடுறேன்.

டார்பி: இருங்க மாமா.

லீலண்ட்: இப்போ சொல்லலைன்னா சாயந்திரம் மனசு மாறிடும். குடுடா.

டார்பி: வெஸ்ஸுக்குத் தெரியும்.

லீலண்ட்: ...என்ன தெரியும்?

டார்பி: அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்காரு. நடுப்பந்துக்குக் குந்துறவன் முதல்ல குச்சியை வைப்பான். நீங்க முதல்ல முட்டியை வெச்சீங்க.

லீலண்ட்: நீ?

டார்பி: நான் நேர்லயே பாத்தேனே. பந்து கையில இருக்கு, நீங்க எந்திரிக்க முடியாம கிடக்கீங்க. வீசினா எல்லாரும் உங்களைத் தாண்டி ஓடுவாங்க, தெரிஞ்சுடும். அதான் வீசல. சிரிப்பெல்லாம் ஒண்ணும் வரல மாமா.

லீலண்ட்: அப்போ வந்ததுலேர்ந்து தவளை, தவளைன்னு...

டார்பி: கோவம் வந்தாவது சொல்லுவீங்கன்னுதான்.

லீலண்ட்: சரி. தெரிஞ்சுக்கிட்டே வந்திருக்கே. இடம் ட்ரேவுக்குப் போயாச்சு, அதைச் சொல்லத்தானே வந்தே? நேராச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?

டார்பி: இடம் இன்னும் யாருக்கும் போகல. வெஸ்தான் அனுப்பினாரு. "ஒவ்வொரு கால்பகுதி தொடங்குறப்பவும் ஒரு நடுப்பந்து இருக்கு, அந்த நாலையும் எடுக்க அவனை விட்டா ஆள் இல்ல, பிடுங்கிக் குடுத்துட்டுப் பெஞ்சுல உக்காரட்டும், மிச்சத்தை மத்தவங்க ஓடிக்குவாங்க. ஆனா கால் போனதை மறைக்கிறவன் எனக்கு வேண்டாம். அவன் வீட்டுக்குப் போ, அவனா வாயைத் திறந்து சொன்னா சட்டை அளவைக் கேட்டுட்டு வா, சொல்லலைன்னா ஒண்ணும் பேசாம சூப்பைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துடு"ன்னாரு. எந்திரிக்க மனசே வரல மாமா, அதான் பானையைக் காலி பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.